குடிக்காதவருக்கும் சேர்த்து ஒரு மேசை

சென்னை அலுவலகங்களில் குழு விருந்துக்கு இடம் பார்க்கும் நண்பர்களுக்கு,



உங்களில் சிலர் மேனேஜர்கள், சிலர் டீம் லீடுகள். பலர், "நீதான் இதெல்லாம் நல்லா பண்ணுவே" என்று யாரோ சொன்னதால் இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள். புராஜெக்ட் முடிந்தாலும், ஒருவர் ஆன்சைட் கிளம்பினாலும், பேப்பர் போட்டவரின் கடைசி வாரம் வந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழும் கேள்வி "எங்க போலாம்?" என்பதுதான். அதற்கு நீங்கள் தரும் பதிலைப் பற்றியது இந்த மடல். உங்கள் குழுவில் குடிக்காத ஒருவர் இருக்கிறார். அவரோடு உட்கார்ந்து சாப்பிட, மது பரிமாறாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள்.

இப்போது நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். குழுவில் ஒரு வாக்கெடுப்பு போடுகிறீர்கள். நட்சத்திர ஓட்டலின் மொட்டைமாடி உணவகம், கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட், இன்னொரு ஓட்டலின் பஃபே என்று மூன்று இடங்கள். மூன்றிலும் பார் உண்டு. குடிக்காதவர் மூன்றில் எதையாவது தொட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார். விருந்து நாளன்று அவருக்குத் தலைவலி வருகிறது, அல்லது ஊரிலிருந்து மாமா வருகிறார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை யாரும் அவரைக் கேட்பதில்லை. "அவன் எங்க வரப்போறான், விடுப்பா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர் வர மறுத்ததாகவே எல்லோருக்கும் நினைவு. வர முடியாத இடத்துக்கு அழைத்தோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சாப்பாடு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த மேசையில் நடப்பது வெறும் சாப்பாடு இல்லை. அடுத்த புராஜெக்ட் யாருக்கு, எந்த மேனேஜர் மாறப்போகிறார், எந்த க்ளையன்டுக்கு யாரைப் பிடிக்கும் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழுகிறது. ஆறு மாதமாக மெயிலில் மட்டும் பேசிக்கொண்ட இருவர் அங்கேதான் "மச்சி" ஆகிறார்கள். குடிக்காத ஒரே காரணத்துக்காக ஒருவர் இதிலிருந்தெல்லாம் விலகி நிற்க நேர்ந்தால், அது அவருடைய வேலையைத் தொடும் விஷயம்.

அவர் ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 18.8 சதவீதம் பேர்தான் மது அருந்துகிறார்கள், பெண்களில் 1.3 சதவீதம். தமிழ்நாட்டு ஆண்களில் அது ஏறக்குறைய நான்கில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. ஆண்களிலேயே நான்கில் மூன்று பேர் குடிக்காத மாநிலத்தில், குடிக்காதவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. குடிப்பவரிடம் "ஏன் குடிக்கிறே?" என்று எந்த விருந்திலும் யாரும் கேட்பதில்லை. மற்றவரிடம் மட்டும் "ஏன்?", "ஒரு பியர்கூடவா?", "வீட்ல திட்டுவாங்களா?" என்று கேள்விமேல் கேள்வி.

அவருடைய காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவர் இஸ்லாமியராக இருக்கலாம். தான் குடிக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கும் இஸ்லாமிய நண்பர்கள் உண்டு. மது சுற்றிவரும் மேசையில் உட்காருவதே கூடாது என்னும் நபிமொழியைக் கடைப்பிடிப்பவர்களும் உண்டு. இரண்டாமவருக்கு "நீ ஜூஸ் குடி, நாங்க எங்க பாட்டுக்கு இருக்கோம்" என்ற சமாதானம் உதவாது. சபரிமலைக்கு மாலை போட்டவராக இருக்கலாம். கல்லீரலைப் பற்றி மருத்துவர் எச்சரித்திருக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம். குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணாக, அதை இன்னும் யாரிடமும் சொல்லாதவராக இருக்கலாம். பி.எஸ்சி. முடித்த கையோடு இருபது வயதில் வேலைக்கு வந்த பிள்ளையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது பரிமாறுவது சட்டப்படியே குற்றம். அப்பா குடித்துவிட்டு வந்த இரவுகளில் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த மகளாகவும் இருக்கலாம். அவருக்கு அந்த வாடை போதும், சோறு இறங்காது. இதில் எதை அவர் முப்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார்?

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைத்தான் நாம் அடியோடு மறந்துவிடுகிறோம். குடியை விட்டவர். குடித்துக்கொண்டிருந்து, சிகிச்சைக்குப் போய், மீண்டு வந்தவர்.

சென்னையில் இதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நகரம் அறிந்த இடம் அதுதான். குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல், சிகிச்சை தர வேண்டிய நோயாகப் பார்க்கும் பார்வையை இங்கே வேரூன்றச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். இப்படிப்பட்ட மையங்களில் சிகிச்சை முடித்து வெளியே வருகிறவரிடம் ஆலோசகர்கள் வலியுறுத்தும் விஷயம் ஒன்றுண்டு: பழைய இடங்களுக்கும் பழைய குடிக்கூட்டத்துக்கும் கொஞ்ச காலம் போகாதீர்கள். முதல் சில மாதங்களில் கண்ணாடிக் கோப்பையில் ஐஸ் விழும் ஓசைகூட ஆளை இழுக்கும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி மீண்டு வந்தார். மஞ்சள் காமாலை என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தார். திரும்பி வந்த மாதமே குழு விருந்து, பார் உள்ள இடத்தில். போகாவிட்டால் பேச்சு வரும், போனால் ஆபத்து. போனார். மேனேஜர் அன்போடுதான் அழைத்தார், அன்போடுதான் ஊற்றினார்: "ஒரே ஒரு பெக், உடம்பு தேறினதுக்கு." அவர் கோப்பையைக் கையில் வாங்கி, பேசுவதுபோல நகர்ந்து, ஒரு செடித்தொட்டி அருகில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். பல மாதம் கழித்து இதை என்னிடம் சொன்னபோது, அந்தச் சில நிமிடங்களைத் தன் வாழ்க்கையிலேயே நீளமான நிமிடங்கள் என்றார். அப்போது அவர் டைசல்ஃபிரம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்து, படபடப்பும் வாந்தியும் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை நீடிக்கலாம். ஊற்றியவருக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரியாமலேயே யாருக்கும் தீங்கு நேராத இடம் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்திருக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட இடத்தைத் தேடி அலையத் தேவையில்லாத ஊர் நம் சென்னை. பெங்களூரில் சிஎல்-9 உரிமம் வாங்கிய உணவகம் மது பரிமாறலாம். 'பார் அண்ட் ரெஸ்டாரன்ட்' பலகை தெருவுக்குத் தெரு தொங்கும். புதுச்சேரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டில் அப்படிக் கிடையாது. 1937இல் சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி வந்து, 1981இல் மறுபடி விலகியது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் சாதாரண உணவகத்துக்கு மது உரிமம் என்ற வழக்கம் இங்கே வரவில்லை. கிளப்புகளுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3, அப்புறம் டாஸ்மாக்கை ஒட்டிய பார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். நகரத்தில் நாம் சாப்பிடப் போகும் மற்ற உணவகங்களில், சைவமோ அசைவமோ, மது கிடையாது. ஆக, பார் உள்ள இடத்தைத்தான் நீங்கள் மெனக்கெட்டுத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தேடும் உழைப்பைச் சாப்பாட்டின் மேல் வையுங்கள். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948இலிருந்து இருக்கிறது. இட்லி சாம்பாரில் மூழ்கி வரும், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். ஆறு பேர் கொண்ட சின்னக் குழு என்றால் சனிக்கிழமை காலையில் அங்கே கூடுங்கள். மூன்று மணி நேர பஃபேயில் பேசாததைப் பேசிவிடுவீர்கள். சீரகச் சம்பா பிரியாணி பிடித்தவர்களுக்கு, 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கிய தலப்பாகட்டியின் கிளைகள் சென்னை முழுக்க இருக்கின்றன. பாஸ்மதிதான் பிரியாணி என்பவர்களும் குழுவில் இருப்பார்கள். அந்தச் சண்டை ஒன்றே விருந்தை நடத்திவிடும். செட்டிநாட்டு மெஸ்ஸில் இலை போட்டு உட்கார்ந்தால் மீன் குழம்பும் சுக்கா வறுவலும் நண்டு மசாலாவும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது மந்தி உணவகங்கள்தான். அரபு நாட்டு முறையில் ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறு குவித்து, மேலே இறைச்சியை வைத்துக் கொண்டுவருவார்கள். நான்கைந்து பேர் அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் வைஸ் பிரெசிடென்ட்டும் ஒரே தட்டில் கை வைத்த பிறகு, குழுவை இணைக்க எந்தப் பயிற்சி வகுப்பும் வேண்டாம். ஹலால் இறைச்சி, மது கிடையாது. சைவக்காரர்கள் இருந்தால் மட்டும் இது சரிவராது. அப்போது சவுகார்பேட்டை இருக்கிறது. மாலையில் மின்ட் தெருவில் நடந்துகொண்டே சாட், ஜிலேபி, சூடான பால் என்று சாப்பிட்டு முடிப்பதும் விருந்துதான், அதுவும் மறக்க முடியாத விருந்து.

இரவு விருந்தை மதிய விருந்தாக மாற்றினால் பாதிக் கேள்விகள் தாமாகவே விலகிவிடும். இந்த ஊரின் சமையல் உச்சத்தில் இருப்பது மதியம்தான். பெண்களுக்கு இரவு கேப் கவலை இல்லை. கைக்குழந்தை உள்ளவர்கள் வருவார்கள். வெள்ளிக்கிழமை வைப்பதானால் ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் நேரம் பார்த்து இரண்டு மணிக்கு மேல் வையுங்கள். ரமலான் மாதத்தில் மதியம் வேண்டாம். நோன்பு திறந்த பிறகு இரவில் வையுங்கள். புரட்டாசியில் சைவ உணவகம். இவையெல்லாம் காலண்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், யாரிடமும் அந்தரங்கம் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலிருந்து வரும் மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். "ஒருத்தருக்காக இருபது பேர் விட்டுக்கொடுக்கணுமா?" இதுதான் முதலில் வரும். அந்த இருபது பேரில் எத்தனை பேர் உண்மையில் குடிக்க விரும்பி வருகிறார்கள், எத்தனை பேர் பேச்சுக்கு அஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இருபது பேருமே ஆசைப்பட்டாலும்கூட, அவர்கள் இழப்பது ஒரு மாலைப்பொழுதில் ஒரு பானத்தை. அந்த ஒருவர் இழப்பது தன் இடத்தை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நான் மதுவிலக்குப் பிரசாரம் செய்யவில்லை. வேண்டியவர்கள் வேறொரு நாள், தங்கள் செலவில், தங்கள் நண்பர்களோடு குடிக்கட்டும். அலுவலகத்தின் பெயரால், அலுவலகப் பணத்தில் நடப்பது எல்லோருக்குமான விருந்து. அதில் எல்லோரும் உட்கார முடிய வேண்டும்.

"க்ளையன்ட் வந்தா என்ன பண்றது?" என்று அடுத்து கேட்பீர்கள். அவர் தங்கும் ஓட்டலில் பார் இருக்கும். வேண்டுமென்றால் அவரே போவார். எந்த ஊரிலும் கிடைக்கும் விஸ்கியைச் சென்னையில் குடித்ததை அவர் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. வாழையிலையில் எந்தப் பக்கத்தில் எதை வைப்பார்கள் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஊருக்குப் போயும் சொல்லிக்கொண்டிருப்பார். குடிக்காத க்ளையன்டுகளும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறவர்களில் பலர் உங்கள் மொட்டைமாடித் தேர்வைக் கண்டு முகம் சுளிக்காமல் இருப்பது மரியாதைக்காகத்தான்.

செலவுக் கணக்கும் என் பக்கம்தான் இருக்கிறது. மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு மாநிலத்தின் வாட் வரி தனி. சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். உங்கள் பட்ஜெட்டில் பிரியாணிக் கடையில் இரண்டு முறை விருந்து வைக்கலாம்.

பில்லைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனி பணம் தராமல் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் விருந்துகளில், மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பது வழக்கம். ஒரு தட்டு பனீரும் ஒரு சோடாவும் சாப்பிட்டவர் மற்றவர்களின் சரக்குக்கும் சேர்த்து ஜிபே செய்கிறார். கேட்டால் கஞ்சன் என்ற பெயர் வரும் என்று வாயை மூடிக்கொள்கிறார். அத்தோடு முடிவதில்லை. "நீதான் குடிக்கலையே, எங்களை டிராப் பண்ணிடு" என்று நள்ளிரவில் நான்கு பேரை நான்கு திசையில் இறக்கிவிட்டு வீடு போய்ச் சேருகிறார். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பது சரிதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அதற்கு விடை கால்டாக்ஸி. குடிக்காத சக ஊழியர் உங்கள் டிரைவர் இல்லை.

சில நேரம் உங்கள் கையை மீறும். தலைமையகம் பெங்களூரில் கூட்டம் வைக்கும். ஆஃப்சைட் புதுச்சேரியில் நடக்கும். அங்கே தேடத்தான் வேண்டும். உணவகத்துக்குப் போன் போட்டு, "உங்ககிட்ட பார் இருக்கா? சாப்பிடுற ஹால்லயே சர்வ் பண்ணுவீங்களா?" என்று இரண்டையும் கேளுங்கள். சில இடங்களில் பார் வேறு மாடியில் இருக்கும், சாப்பாட்டுக் கூடத்துக்கு மது வராது. சிலருக்கு அது போதும், சிலருக்குப் போதாது. பார்ட்டி ஹால் எடுத்தால், வெளியிலிருந்து பாட்டில் கொண்டுவர அனுமதி உண்டா என்றும் கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டெசர்ட்டையும் பாருங்கள். கிறிஸ்துமஸ் சமயத்துப் பிளம் கேக்கில் ரம் இருக்கலாம், திராமிசுவிலும் இருக்கலாம். 'நான் ஆல்கஹாலிக்' பியர் இருக்கிறதே என்று யாராவது வாங்கி நீட்டினால் தடுத்துவிடுங்கள். மிகக் குறைந்த அளவு ஆல்கஹால் உள்ளவையும் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. குடியை விட்டவருக்கு அந்த மணமும் கசப்பும் போதும், பழைய பாதை திறந்துகொள்ள.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்காகத்தான் இந்த இடம் பார்த்தோம்" என்று சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் அது அவர் தலையில் ஒரு பாரமாக உட்கார்ந்துவிடும், யாராவது "இங்க ஒண்ணும் கிடைக்காதா?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் கூசிப்போவார். இடத்தின் பெயரையும் நேரத்தையும் மட்டும் குழுவில் போடுங்கள். யாராவது ஏன் பார் இல்லை என்று கேட்டால், "சாப்பாடு அங்கே நல்லா இருக்கும்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

இன்னொரு வேண்டுகோள். எனக்குத் தெரிந்து எங்கள் குழுவில் எல்லோரும் குடிப்பவர்கள்தான் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உங்களுக்குத் தெரிந்தது அவர்கள் உங்களிடம் சொன்னது மட்டும்தான். தெரியாத அந்த ஒருவருக்காகவும் இடம் பாருங்கள். நாளை சேரப்போகிற புதியவருக்காகவும் பாருங்கள். முதல் விருந்தே அவருக்கு நம் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிடும்.

இந்த மாதக் கடைசியிலும் உங்களில் யாரோ ஒருவர் அந்த வாக்கெடுப்பைப் போடத்தான் போகிறீர்கள். மூன்று இடங்களில் மூன்றுமே மது இல்லாத இடங்களாக இருக்கட்டும். தலைவலி என்று சொல்லி வராமல் போனவரை இந்த முறை நேரில் போய் அழையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் பல விருந்துகளுக்கு இடம் பார்த்த ஒருவர்